ஹமீமா லாத்தா வீட்டு வைஃபை

அத்தியாயம் 9

பூனை பெட்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று படுத்திருந்தது.

தவமணி விளக்குமாற்றைக் காட்டினாள். பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. கம்ப்யூட்டர் பெட்டியில் தூசு படக் கூடாதென்று தன் பழைய சேலையை நாலாய் மடித்துப் போட்டிருந்தாள் அவள். பூனைக்கு அது மெத்தையாகிவிட்டது.

"என்னங்க, இந்தப் பெட்டி சுடுதே. காய்ச்சக்காரப் பிள்ள நெத்தி மாதிரி இருக்கு."

"நேத்து ஓடின சூடு. ஆறல்ல போல," என்றான் உதயராஜ், பால் விடாத பிளேன்டியை ஊதிக்கொண்டே.

"விடிய விடியவா ஆறாம இருக்கும்? அடுப்பே ஆறிப் போச்சு."

உக்குவளைப் பள்ளிவாசலிலிருந்து தக்பீர் முழக்கம் மேடேறி வந்துகொண்டிருந்தது. நோன்புப் பெருநாள். மிளகு ஸ்டோர் முதலாளி தொழப் போய்விட்டார். மூட்டை தூக்கும் உதயராஜுக்கு லீவு. முதுகுக்குத்தான் லீவு. மனசுக்கு நோன்பு தொடங்கிய நாளிலிருந்தே லீவு இல்லை.

கொழும்பில் ஓர் அச்சகம் மகள் சுபாஷினிக்குத் தட்டெழுத்து வேலை கொடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். கையெழுத்துப் பக்கங்கள் இன்டர்நெட்டில் வரும், அடித்து இன்டர்நெட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். மாத்தளை டவுனில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கியாயிற்று. ஆனால் கேபிள் இழுக்க வந்தவர்கள் ரோட்டோடு நின்றுவிட்டார்கள். ரோட்டுக்கும் இவர்களுடைய பள்ளத்துக்கும் நடுவில், யாருக்குச் சொந்தம் என்று இன்னும் முடிவாகாத ஒரு கொக்கோக் காணி. அதில் போஸ்ட் நாட்ட முடியாது என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

மதிலுக்கு மேல் பக்கம், உதயராஜும் தவமணியும் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் ஹமீமாவின் வீடு. கராம்பு வியாபாரி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் மௌத்தான பிறகு லாத்தா தனியாகத்தான் இருக்கிறார். தம்புள்ளையில் வாழ்க்கைப்பட்ட மகள் றாபியா, உம்மாவின் முகத்தை அன்றாடம் பார்க்க வேண்டும் என்று, கேபிள் இல்லாமல் டவரிலிருந்தே எடுக்கும் வைஃபை பெட்டி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தாள். பள்ளத்தில் சிக்னல் நிற்காது. அதனால் கூரையில் ஓர் என்டெனா. அந்தக் கூரையில் ஏறி, பைப்பைக் கட்டி, மலையிலிருக்கும் டவரைப் பார்த்து என்டெனாவைத் திருப்பி வைத்தவன் உதயராஜ்.

இறங்கி வந்தவன் கையில் பெட்டியைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு லாத்தா பிளேன்டி ஊற்றப் போனார். பெட்டிக்கு அடியில் பாஸ்வேர்ட் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர். உதயராஜ் போனை எடுத்து அதை ஒரு படம் பிடித்துக்கொண்டான்.

"லாத்தா தந்தாங்க," என்று மகளிடம் சொன்னான்.

சுபாஷினி வைஃபை பிடிக்கும் நகத்தளவு டொங்கிள் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் செருகினாள். மதிலைத் தாண்டி இன்டர்நெட் வந்தது.

கேட்டிருந்தால் லாத்தா தந்திருப்பார். அது அவனுக்கு அப்போதே தெரியும். ஆனால் மகளின் முதல் பள்ளிக்கூடச் சப்பாத்திலிருந்து தவமணியின் ஆஸ்பத்திரிச் செலவு வரைக்கும் அந்த வாசலில் போய்த்தான் நின்றிருக்கிறான். இன்னொரு தடவை போய் நிற்க வாய் வரவில்லை. வாய் வராத இடத்தில் கை போய்விட்டது.

அன்றிலிருந்து ரமழான் மாதம் முழுக்க அதே மதிலைத் தாண்டி நோன்புக் கஞ்சியும் வந்தது. சட்டி திரும்பிப் போகும்போது தவமணி வாழைப்பழமோ, ஒரு பிடி கொச்சிக்காயோ, ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் சீனியோ போட்டுத்தான் கொடுப்பாள். அந்த மதிலில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வெறும் பாத்திரம் போனதில்லை. உதயராஜ் மட்டும் கஞ்சியைக் குடிக்கும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டான்.

"அப்பா!"

சுபாஷினி தலைகூடச் சீவாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றாள். "இதை ஏன் ஓஃப் பண்ணாம வெச்சிருக்கீங்க?"

"ஓஃப் பண்ணினேனே! நேத்து நீ இரத்தோட்டை பஸ்ஸுக்கு ஓடும்போது சொல்லிட்டுப் போனியே, அப்பவே அமுக்கிட்டேன்."

"எதை அமுக்கினீங்க?"

அவன் எழுந்து வந்து திரைக்குக் கீழிருந்த பொத்தானைக் காட்டினான். சுபாஷினி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"இது திரை மட்டும்தான் அப்பா. டிவி இல்ல இது. பெட்டி ராவெல்லாம் ஓடியிருக்கு."

"சத்தமே கேக்கலியே."

"அதுக்கு மேல சேலை, சேலைக்கு மேல பூனை. எப்படிக் கேக்கும்?"

தவமணி சிரித்துவிட்டாள். "நான் சொன்னேன்ல, காய்ச்சல்னு."

சுபாஷினி சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். "அப்டேட் ஆகியிருக்கு. அது கேக்கிற நேரமெல்லாம் அப்புறம், அப்புறம்னு நான் தள்ளிட்டே வந்தேன். தள்ள ஆளில்லன்னதும் அதுவே ஆரம்பிச்சிருச்சு. ரொம்பப் பெரிசு இது." எதையோ தட்டினாள். மறுபடியும் தட்டினாள். "வைஃபை காட்டுது. ஆனா உள்ள ஒண்ணும் வருதில்ல. டேட்டா முடிஞ்சிருச்சு போல."

"முடிஞ்சிருச்சுன்னா?"

"மாசத்துக்கு இவ்வளவுன்னு அளந்துதான் குடுப்பாங்க. தண்ணி டேங்க் மாதிரி. காலியாயிட்டா பைப்பைத் திறந்தாலும் வராது." அவள் அப்பாவைப் பார்த்தாள். "ஹமீமா மாமிக்கும் வராது. நான் போய்ச் சொல்லிட்டு வரவா? நம்மளாலதான்னு."

"நீ போகாத!"

அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. தாயும் மகளும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

"பெருநாள் அன்னிக்கு எதுக்கு அவங்களுக்குத் தொந்தரவு," என்று குரலைத் தாழ்த்தினான். "நான் பேசிக்கிறேன்."

அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"தவமணி! புள்ள, தவமணி!"

ஹமீமா லாத்தா புதுச் சேலையில் நின்றார். மதில் மேல் ஒரு பெரிய பீங்கானில் வட்டிலப்பம். பக்கத்தில் மூடி போட்ட சட்டி.

"சட்டியில கோழிப் புரியாணி. உங்களுக்கெண்டே தனிச் சட்டியில ஆக்கினது, மாட்டுக் கறி போட்ட கரண்டியைக்கூட இதுல போடல்ல. பயப்படாமச் சாப்பிடுங்க."

"எங்களுக்கு என்ன பயம் லாத்தா," என்று தவமணி இரண்டு கையாலும் வாங்கினாள். "சேலை அழகா இருக்கு. மாப்பிள்ள பாக்க வாறாங்களா?"

"ஓ, கெழவிக்கு மாப்பிள்ள!" லாத்தா சிரித்தார். பிறகு குரல் மாறியது. "இண்டைக்கு ஸுஹைல் பேசுவான் புள்ள."

தவமணியின் சிரிப்பு நின்றது. உதயராஜ் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸுஹைல் லாத்தாவின் மகன். கட்டாரில் வேலை. வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு அவன் வரவில்லை. லீவு கொடுக்கவில்லை என்றான். அந்த ஆத்திரத்தில் லாத்தா, "இனி என்னை உம்மாண்டு கூப்பிடாத," என்று போனில் சொல்லிவிட்டார். அவன் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டான். கூப்பிடவே இல்லை. அங்கே அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியும் றாபியா வழியாகத்தான் வந்தது.

"றாபியாதான் கரைச்சுக் கரைச்சு அவனைச் சம்மதிக்க வெச்சா. பெருநாளைக்குப் பகல் லுஹர் தொழுகைக்குப் பொறகு கூப்பிடுவானாம். அவன்ட புள்ள மஸீஹாவையும் காட்டுவானாம்." லாத்தா கையிலிருந்த, முகம் பார்த்துப் பேசும் டெப்பை நெஞ்சோடு வைத்திருந்தார். "ஆனா காலையில இருந்து இதுல ஒண்ணும் வருதில்ல. றாபியாவும் கூப்பிடல்ல. தம்பி எங்க? குரங்குதான் என்டெனாவைத் திருப்பி வெச்சிருக்கும். நேத்தும் கூரையில குதிச்சிச்சு. கொஞ்சம் ஏறிப் பாக்கச் செல்லு புள்ள."

உதயராஜ் வெளியே வந்தான். சொல்லிவிடலாம். ஒரு வரிதான்.

"டேட்டா முடிஞ்சிருக்குமோ லாத்தா?" என்று கேட்டுப் பார்த்தான்.

"அது எப்படி முடியும் தம்பி? நான் ஒருத்தி. மாசக் கடைசியிலயும் பாதிக்கு மேல மிஞ்சிக் கிடக்கும்டு றாபியா செல்றவ. இந்த ஊட்டுல வேற யாரு ஈக்கிறா முடிக்கிறதுக்கு?"

அவன் கூரையை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப குரங்குதான் லாத்தா," என்றான்.

ஏணியைச் சாய்த்து ஏறினான். வெயிலில் தகரம் காலைச் சுட்டது.

என்டெனா அவன் கட்டி வைத்த இடத்தில், அவன் முறுக்கிய கம்பியோடு, டவரைப் பார்த்தபடி அப்படியே இருந்தது. குரங்கும் தொடவில்லை, காற்றும் தொடவில்லை. அவன் கம்பியை அவிழ்த்தான். சரியாக இருந்ததைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பினான்.

"வந்திச்சா லாத்தா?"

"இல்ல தம்பி."

வலதுபக்கம் திருப்பினான். "இப்ப?"

"ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் திருப்புங்க."

கீழே லாத்தா டெப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இங்குமங்குமாக நடந்தார், மழைத்துளியைப் பிடிக்கப் போகிறவர் போல. மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தவமணி, "பாத்து மெதுவா! கூரையை உடைச்சிட்டு இறங்கிராதீங்க, நல்ல நாளும் அதுவுமா," என்றாள்.

"உடைஞ்சா உடையட்டும் புள்ள. எம்புள்ளட மொகத்தைப் பாத்தாப் போதும்."

அவன் மறுபடியும் திருப்பினான். கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை. சும்மா எரியட்டும் என்று இருந்தது.

உக்குவளையிலிருந்து லுஹர் பாங்கு கேட்டது. லாத்தா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். டெப்பைப் பூப்போல நாற்காலியில் வைத்தார்.

"நான் தொழுதுட்டு வாறேன். நீங்க கொஞ்சம் பாத்துக்கிங்க தம்பி. சத்தம் வந்தாக் கூப்பிடுங்க. இந்த வெயில்ல எனக்காக ஏறி நிக்கிறீங்க. உங்களுக்கும் சேத்துத்தான் துஆக் கேப்பேன்."

அவன் கூரையில் குந்திக்கொண்டான். நாற்காலியில் கிடந்த டெப் வெயிலில் ஒரு பொட்டு வெளிச்சமாகத் தெரிந்தது. அது ஒலிக்காது என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

அதே நேரத்தில் சுபாஷினி கொக்கோக் காணி வழியாக மேடேறி ரோட்டுக்கு வந்திருந்தாள். பள்ளத்தில் போன் எடுக்காது. ரயில் பாதை ஓரத்தில் நின்றால்தான் சிக்னல் வரும். அப்பா பேசிக்கொள்வதாகச் சொன்னாரே என்று முதலில் பேசாமல் இருந்தாள். அப்பா கூரையில் ஏறியதைப் பார்த்த பிறகு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை.

றாபியாவின் நம்பர் அவளிடம் இருந்தது. 'உம்மா தனியா ஈக்கிறா, ஏதும் எண்டா எனக்கு எடு' என்று றாபியாவே கொடுத்தது.

முதல் மணியிலேயே எடுத்தாள் றாபியா. "சுபா! உம்மாக்கு என்ன? ஏதும் சொகமில்லயா?"

"ஒண்ணும் இல்ல அக்கா, நல்லா இருக்காங்க. வைஃபைதான் வேலை செய்யல."

"வைஃபையா?" றாபியா மூச்சு விட்டது கேட்டது. "யா அல்லாஹ்! ஸுஹைல் நானா லுஹர் வரைக்கும் பொறுக்க ஏலாம காலையில இருந்தே எடுக்கிறான். எடுத்து எடுத்துப் பாத்துட்டு இப்பதான் எனக்குப் பேசினான். அழுறான் சுபா. 'உம்மா வேணுமெண்டே ஓஃப் பண்ணி வெச்சிருக்கா, அவட கோவம் இன்னும் தீரல்ல, இனி என்னைக் கூப்பிடச் செல்லாத'ண்டு வெச்சிட்டான்."

"டேட்டா முடிஞ்சிருச்சு அக்கா."

"முடியாதே. நேத்தும் என்ட போன்ல பாத்தேன், நெறயக் கிடந்திச்சு."

"எங்க கம்ப்யூட்டர்தான் இழுத்திருச்சு. ராத்திரி ஓஃப் பண்ணாம விட்டுட்டோம். மன்னிச்சிருங்க அக்கா. மாமி பாஸ்வேர்ட் தந்தாங்கல்ல, நாங்க கவனமா..."

"யாரு தந்த?"

"மாமி. அப்பாகிட்ட."

ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு இவளைத் தாண்டிப் போனது.

"உம்மாக்கு பாஸ்வேர்ட் எண்டா என்னண்டே தெரியாது சுபா," என்றாள் றாபியா மெதுவாக. "டெப்புல நான்தான் போட்டுக் குடுத்த. வேற யாருக்கும் நான் குடுக்கல்ல."

சுபாஷினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சரி. அதைப் பொறகு பாப்பம். நான் இப்பவே டேட்டா போடுறேன். நானாக்கும் திரும்ப எடுத்துப் பாக்கிறேன், அவன் வேலைக்கு ஏற முந்தி. உம்மாட பெட்டி மட்டும் ஓன்ல ஈக்கட்டும். ஓஃப் பண்ணாமப் பாத்துக்க. விளங்குதா?"

"ம்," என்றாள் சுபாஷினி.

தொழுதுவிட்டு வந்த லாத்தா நாற்காலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காத்து நின்றார். டெப்பைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"எறங்குங்க தம்பி."

"இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாக்கிறேன் லாத்தா."

"வேணாம். எறங்குங்க." குரலில் கோபமில்லை. "இவ்வளவு திருப்பியும் வரல்லயே. என்டெனால பிழை இல்ல. அவன் கூப்பிடல்ல. எனக்கு விளங்குது."

"அப்பிடிச் சொல்லாதீங்க."

"நான் தானே அவனுக்குச் சொன்ன, உம்மாண்டு கூப்பிடாதண்டு. செல்லக் கூடாத வாத்தை அது. இந்த மாசம் முழுக்க அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவன்கிட்டயும் கேப்பமெண்டு இருந்தேன்." புதுச் சேலையின் மடிப்பைக் கையால் தடவிவிட்டார். "சரி. அவனுக்கும் ஒரு மனசு ஈக்குதானே."

உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் வைஃபை பெட்டி இருந்தது. அதன் வயர் சுற்றப்பட்டிருந்தது.

"இதக் கொண்டு போய் சுபாக்குக் குடுங்க."

உதயராஜ் இரண்டு எட்டு பின்னால் போனான். "என்ன லாத்தா இது?"

"எனக்கு என்னத்துக்கு? றாபியா தம்புள்ளையில ஈக்கிறா, நெனச்சா பஸ் ஏறி வருவா. சுபாதான் பாவம், கேபிள் வராம அந்தப் பெட்டிய வெச்சிட்டுக் கஷ்டப்படுறா. நான் நெனச்சிட்டேதான் ஈந்தேன், இதுல அவளுக்கும் கொஞ்சம் குடுக்க ஏலுமாண்டு றாபியாகிட்டக் கேக்க. கேக்க மறந்து போச்சு. பிடிங்க."

"வேணாம் லாத்தா..."

"பெருநாள் சந்தோஷமெண்டு வெச்சிக்குங்க. திருப்பித் தந்தா எனக்குக் கோவம் வரும்."

பெட்டியை அவன் கைகளில் வைத்தார். அன்று பிடிக்கக் கொடுத்த அதே பெட்டி. அதே கைகள். லாத்தா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அவன் படியிறங்கி வீட்டுக்கு வரவும் சுபாஷினி மேட்டுப்பக்கமிருந்து மூச்சிரைக்க வரவும் சரியாக இருந்தது. அவள் கண் பெட்டியில் விழுந்தது.

"இதை ஏன் கழட்டினீங்க?"

"லாத்தா தந்தாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது, அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகள் என்று.

"இப்பத் தந்தாங்களா? அப்ப, அன்னிக்குத் தந்தது என்ன?" சுபாஷினி பெட்டியை அவன் கையிலேயே புரட்டினாள். ஸ்டிக்கர் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "சொல்லுங்க அப்பா."

தவமணி நடுவில் வந்தாள். "என்னடி, அப்பாவப் போலீஸ்காரன் மாதிரிக் கேக்கிற?"

"அம்மா, ஸுஹைல் அண்ணா காலையில இருந்து கூப்பிட்டிருக்காரு. எடுக்கலன்னு அழுதுட்டு வெச்சிட்டாரு. றாபியா அக்கா இப்பதான் சொன்னாங்க. மாமி அங்க அவர் கூப்பிடலன்னு இருக்காங்க, அவர் அங்க மாமி எடுக்கலன்னு இருக்காரு. நடுவுல நாம இருக்கோம்." அவளுக்குக் குரல் உடைந்தது. "றாபியா அக்கா டேட்டா போட்டுட்டாங்க. திரும்பக் கூப்பிடச் சொல்றாங்க. பெட்டி அங்க ஓன்ல இருந்தாத்தான் வரும். பெட்டி இங்க இருக்கு."

தவமணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்ததை வாசிக்க அவளுக்கு எழுத்துத் தேவையில்லை.

"கேக்காம எடுத்தீங்களா?"

அவன் ஆமென்று தலையாட்டினான்.

தவமணி சுவரில் சாய்ந்தாள். மேசையில் வட்டிலப்பப் பீங்கான் பாதி காலியாக இருந்தது. வீட்டு வாசனையெல்லாம் ஏலமும் கருப்பட்டியுமாக இருந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றாள் கடைசியில். "கொண்டு போய் மெதுவா வெச்சிட்டு வந்துருங்க. இருந்த இடத்துல செருகிவிட்டா வேலை செய்யும்தானே. ஒண்ணும் பேச வேணாம்."

சுபாஷினி கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு டொங்கிளை உருவினாள். அதை அப்பாவின் சட்டைப்பையில் போட்டுவிட்டு உள்ளறைக்குள் போனாள். அச்சகத்துக்கு அன்று அனுப்ப வேண்டிய பக்கங்கள் திரையில் அப்படியே நின்றன.

லாத்தாவின் கதவு சாத்தியிருந்தது, தாழ் போட்டிருக்கவில்லை. அந்தக் கதவு பகலில் தாழ் போட்டு அவன் பார்த்ததில்லை.

"லாத்தா."

அவர் புதுச் சேலையை மாற்றிவிட்டிருந்தார். வீட்டில் உடுத்தும் பழைய சேலை. அவன் கையிலிருந்ததைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"நான் செல்லித்தானே அனுப்பினேன்? கொண்டு போங்க."

"இது இங்கயே இருக்கட்டும் லாத்தா. அவர் கூப்பிடுவாரு."

"கூப்பிட மாட்டான் தம்பி. என்னைத் தேத்த வராதீங்க. சின்னப் புள்ளயா நான்?"

"கூப்பிடுவாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தவமணி சொன்னபடி வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் லாத்தா கையை நீட்டவில்லை. அவர் வாங்காவிட்டால் பெட்டி செருகப்படாது. செருகப்படாவிட்டால் ஸுஹைல் இன்னொரு தடவை கூப்பிட்டாலும் இந்த வீட்டில் சத்தம் வராது. அவனுக்கு வேறு வழி மிச்சமில்லை.

"குரங்கு எதையும் திருப்பல்ல லாத்தா," என்றான். "நான்தான். இந்தப் பெட்டிக்கு அடியில இருந்த பாஸ்வேர்டை நீங்க பிளேன்டி ஊத்தப் போன நேரம் படம் எடுத்துக்கிட்டேன். நோன்பு மாசம் முழுக்க எங்க கம்ப்யூட்டர் உங்கட்ட இருந்துதான் எடுத்துச்சு. நேத்து நான் சரியா ஓஃப் பண்ணல. ராவெல்லாம் ஓடி எல்லாத்தையும் முடிச்சிருச்சு. காலையில கூரைல ஏறும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஏறினேன்."

லாத்தாவின் கண்கள் அவன் முகத்திலேயே நின்றன. அவன் சொன்னதில் பாதி அவருக்கு எட்டவில்லை போல இருந்தது. வேறெதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப," என்றார். "அவன் கூப்பிட்டானா?"

"காலையில இருந்து கூப்பிட்டிருக்காரு லாத்தா. சுபா றாபியாவோட பேசிச்சு. நீங்கதான் கோவத்துல எடுக்கலன்னு நெனச்சு அழுதாராம்."

"அழுதானா?"

"ஆமா."

லாத்தா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. வைதுவிடுவார் என்று அவன் காத்திருந்தான். வைதால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் வையவில்லை. பெட்டியை அவன் கையிலிருந்து பறித்தார். வயர் அவிழ்ந்து தரையில் இழுபட உள்ளே ஓடினார். செருகும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தார். வாசலில் நின்றார். இப்போதுதான் அவனை முழுசாகப் பார்த்தார்.

"கேட்டிருந்தா நான் தந்திருப்பனே உதயராஜ்," என்றார்.

அவர் அவனைத் தம்பி என்று சொல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கதவு மூடியது. பிறகு தாழ் விழுந்தது. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. டெப் ஒலித்ததா இல்லையா என்று கேட்க அவன் கொஞ்ச நேரம் நின்றான். அதைக் கேட்கவும் தனக்கு உரிமையில்லை என்று தோன்ற, படியிறங்கினான்.

வீட்டில் சுபாஷினியின் அறை சாத்தியிருந்தது. கம்ப்யூட்டர் ஆறிக் கிடந்தது. பூனை அதை விட்டு இறங்கி அடுப்பங்கரைக்குப் போய்விட்டது.

தவமணி லாத்தாவின் பீங்கானைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வாழைப்பழச் சீப்பைப் பார்த்தாள். சீனிப் போத்தலைத் திறந்து பார்த்தாள், மூடி வைத்தாள். மதிலைப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள். "இதுல எதைப் போட்டுத் திருப்பிக் குடுக்கிறது?"